கோடு பேசும் படம்

எங்கள் குடும்பத்தில் டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கப் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எந்தப் படம் பார்த்தாலும் என் கண் கோட்டைத்தான் தேடும்.

நண்பர்களே, வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்'டைச் சின்னப் பிள்ளைகள் படம்னு ஒதுக்கிடாதீங்க. 1937-இல் வந்தது. 83 நிமிடம். திரையில் ஒரு வினாடி ஓட 24 ஃபிரேம் வேண்டும். பென்சிலில் வரைந்ததைச் செல்லுலாய்டு தாளில் மையால் நகலெடுத்து, பின்பக்கம் வண்ணம் பூசினார்கள். நாமோ ஒரு ஐசோமெட்ரிக் ஷீட்டுக்கே முக்கி முனகுகிறோம்!

கம்ப்யூட்டர் படங்களில் தலைமுடி ஒவ்வொன்றும் நிஜம் மாதிரியே இருக்கு, நானும் ரசிப்பேன். ஆனால் இந்தச் சூனியக்காரக் கிழவி ஆப்பிளை நீட்டும்போது விரல்கள் நெளியுமே, அந்தப் பயம் அதில் எனக்கு வரவில்லை.

மையெடுத்தவர்களும் வண்ணம் பூசியவர்களும் பெரும்பாலும் இளம்பெண்கள். கோடு கொஞ்சம் பிசகினாலும் திரையில் முகம் துள்ளிவிடும். அத்தனை பேரின் பெயரும் படத்தின் டைட்டிலில் இல்லை. இது எனக்கு ஆறவே இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். மடியில் பீடித் தட்டு. குள்ளர்களோடு ஸ்னோ ஒயிட் ஆடுகிறாள், மஞ்சள் பாவாடை சுழல்கிறது.

"இம்புட்டும் கையாலயா?"

"ஆமாம்மா."

"கழுத்து வலிச்சிருக்குமே அந்தப் பிள்ளைகளுக்கு" என்றாள். பிறகு அந்த ஆட்டத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.