கடலில்லா ஊரில் ஒரு மீன் கணக்கு

திண்டுக்கல்லுக்குக் கடல் கிடையாது. எந்தத் திசையில் கிளம்பினாலும் உப்புக் காற்று முகத்தில் பட, சாலை வழியே 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால், ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு இந்த ஊர் மீன் மார்க்கெட்டுக்குள் நுழைந்து பாருங்கள். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன ஊரில் மீனுக்கு இத்தனை கூட்டமா என்று தோன்றும். ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம், கேரளா என்று நாலா பக்கமிருந்தும் ஐஸ் பெட்டிகளில் வந்து இறங்கியிருக்கும் மத்தி, பாறை, சங்கரா, நெத்திலி. பக்கத்திலேயே அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் வாலை அடித்துக்கொண்டு உயிரோடு கிடக்கும் அணை மீன்.

இங்கே மீனைவிட மலிவாகக் கிடைப்பது பேச்சு. "கடல்ல ஏதுண்ணே மீனு? பூராத்தையும் அரிச்சு அள்ளிட்டாய்ங்க" என்பார் ஒருவர். "இப்ப வர்றது எல்லாமே பண்ணை மீன்தான்க்கா" என்பார் அடுத்தவர். "யார் சொன்னது? பெட்டி பெட்டியா வந்து எறங்குதுல்ல, வருஷா வருஷம் கூடிக்கிட்டுத்தான் இருக்கு" என்று மூன்றாவது குரல் வரும். உலகம் முழுக்க மீனைப் பற்றி நடக்கும் வாதமும் இந்த மூன்றுதான். மூன்றிலும் கொஞ்சம் உண்மை, கொஞ்சம் கற்பனை.

முதல் ஆளின் கட்சியை எடுத்துக்கொள்வோம். ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு உலக நாடுகளின் மீன்பிடிக் கணக்கை வருடா வருடம் தொகுக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் கடலும் ஆறும் ஏரியும் சேர்ந்து உலகில் பிடிபட்ட மீன் சுமார் 2 கோடி டன். எந்திரப் படகும் நைலான் வலையும் வந்த பிறகு மளமளவென ஏறியது. 1996-ல் கடல் மீன் மட்டும் 8.6 கோடி டன்னைத் தொட்டது. அதுதான் உச்சம். அதன் பிறகு? தரைமட்டமாகிவிடவில்லை. 2022-ல் சுமார் 8 கோடி டன். அதாவது, கிட்டத்தட்ட 30 வருடங்களாகக் கோடு கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று படுத்துக் கிடக்கிறது.

'2048-ல் கடலில் மீனே இருக்காது' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அடிக்கடி வரும். அதன் வேர் 2006-ல் போரிஸ் வோர்ம் என்ற கடல் ஆய்வாளரும் சகாக்களும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை. அன்றைய போக்கு அப்படியே நீண்டால் என்ன ஆகும் என்று அதில் ஒரு கணக்கு இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டது ஊர். அதைக் கடுமையாக மறுத்த ரே ஹில்போர்ன் என்ற ஆய்வாளரும் வோர்மும் பிறகு ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்து, 2009-ல் அதே இதழில் வேறொரு கட்டுரை எழுதினார்கள். நல்ல நிர்வாகம் உள்ள கடல்களில் மீன் வளம் மீண்டு வருகிறது என்றது அது. சண்டை போட்டவர்கள் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரையை யாரும் ஃபார்வர்டு செய்யக் காணோம். 2021-ல் வந்த 'சீஸ்பிரசி' ஆவணப்படம்கூட பழைய 2048-ஐத்தான் பிடித்துக்கொண்டது.

அப்படியென்றால் மூன்றாவது ஆள் சொல்வதுதான் சரியா? அதுவும் இல்லை. கோடு படுத்துக் கிடப்பதால் கடல் நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 1974-ல் உலகின் மீன் வளங்களில் 90 சதவிகிதம் தாங்கும் அளவுக்குள் பிடிக்கப்பட்டன. 2021-ல் அது 62.3 சதவிகிதம். மூன்றில் ஒன்றுக்கு மேல் அளவு மீறிப் பிடிக்கப்படுகிறது. அதே 8 கோடி டன்னுக்கு இன்னும் பெரிய எந்திரம், இன்னும் தூரம், இன்னும் ஆழம் தேவைப்படுகிறது. ஒரு வகை குறைந்தால் நேற்றுவரை கழித்துக்கட்டிய இன்னொரு வகை வலைக்குள் வந்து கணக்கை நிரப்பிவிடுகிறது. போதாததற்கு, அரசுகள் கொடுக்கும் கணக்கில் சிறு படகுக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவதும், கடலிலேயே திருப்பிக் கொட்டப்படுவதும் சரியாக வருவதில்லை. அவற்றையும் சேர்த்து டேனியல் பாலி, டிர்க் செல்லர் இருவரும் 2016-ல் போட்ட கணக்குப்படி, 1996-ன் உச்சம் 13 கோடி டன். அதற்குப் பிறகான சரிவும் அரசுக் கணக்கு காட்டுவதைவிட வேகமானது.

உலகக் கணக்கு தலைசுற்றுகிறதா? மத்தியிடம் வாருங்கள். சாளை என்றும் சொல்வோம். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையிலும் தோல் ஷாப்பிலும் வேலை முடிந்து வருகிறவர் கையைக் கடிக்காமல் வாங்கக்கூடிய கடல் மீன் இது. கேரளத்தில் 2012-ல் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் வெறும் 3,297 டன். 100 கூடை வந்த இடத்தில் ஒரு கூடைகூட இல்லை! 'மத்தி காலி' என்று எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால், 2023-ல் அது மறுபடி ஒரு லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. மத்தி அப்படித்தான். சீக்கிரம் வளரும், சீக்கிரம் முட்டையிடும், கடலின் சூடும் மழையும் மாறினால் கூட்டமாகக் காணாமல் போகும். பெரு நாட்டின் நெத்திலி வகை மீன் 1970-ல் 1.2 கோடி டன்னுக்கு மேல் பிடிபட்டு, எல் நினோ வந்ததும் 1973-ல் 20 லட்சம் டன்னுக்குக் கீழே விழுந்து, பிறகு எழுந்தது.

எல்லா மீனும் இப்படித் திரும்பி வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் 1992-ல் அடியோடு சரிந்தது. பல்லாயிரம் பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். தடை முழுதாக நீங்க 2024 ஆனது. மத்தி தானாக வரும் என்று குஞ்சு மீனையும் சேர்த்து வாரினால், அது வருவதற்குள் பிடிக்கிறவரும் வாங்குகிறவரும் என்ன செய்வது? விரல் நீளம்கூட இல்லாத மத்தியைக் கூறு போட்டு விற்பதைப் பார்க்கும்போது எனக்கு 2048-ஐவிட அதுதான் பயமாக இருக்கிறது.

விலையை வைத்துக் கடலை அளக்கும் பழக்கமும் நமக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது திண்டுக்கல்லில் மீன் விலை ஏறும். புரட்டாசியில் பாதி வீடுகளில் கவிச்சி கிடையாது, விலை இறங்கும். கடலுக்குப் புரட்டாசி தெரியாது.

இப்போது 'எல்லாமே பண்ணை மீன்' கட்சி. 2022-ல்தான் உலகத்தில் முதன்முறையாக வளர்த்த மீன், பிடித்த மீனை முந்தியது. 9.4 கோடி டன்னுக்கு 9.1 கோடி. 'எல்லாமே' இல்லை, பாதி! இந்தியாவில் 2022-23-ல் மொத்தம் 175 லட்சம் டன் மீன். அதில் கடலிலிருந்து வந்தது 44 லட்சம்தான். 'மீன் உற்பத்தியில் சாதனை' என்று செய்தி வந்தால் கடல் பொங்கி வழிகிறது என்று நினைக்காதீர்கள். அது பெரும்பாலும் குளமும் குட்டையும் பண்ணையும் செய்த வேலை.

அந்த வேலையில் இந்த மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாக ஆத்தூர் போனால் மலையடிவாரத்தில் காமராஜர் நீர்த்தேக்கம். நகரத்துக்குக் குடிநீர் தரும் அணை. பழனிப் பக்கம் பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, ஒட்டன்சத்திரத்துக்கு மேலே பரப்பலாறு, அய்யம்பாளையத்தில் மருதாநதி. அணை மீன் என்றால் இங்கே தனி மவுசு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் நம் ஆறுகளின் பூர்வகுடிகள் அல்ல, வடக்கே இருந்து வந்தவை. தேங்கிய தண்ணீரில் அவை சரியாக முட்டையிடாது. அதனால், குஞ்சு வாங்கி விட வேண்டும். ஆனால், தீவனம் போடுவது யாரும் இல்லை. தண்ணீரில் கிடைப்பதைத் தின்று தானே வளர்கிறது. இது பண்ணை மீனா, காட்டு மீனா? ஜிலேபிக் கெண்டையோ 1952-ல் இந்தியாவுக்கு வந்த விருந்தாளி. முட்டையை வாயிலேயே அடைகாத்து, யார் தயவும் இல்லாமல் பெருகி, இன்று எந்தக் கண்மாயிலும் அதுதான் வீட்டுக்காரர்.

எந்தக் கணக்கிலும் ஒழுங்காக ஏறாத மீன் ஒன்று உண்டு. கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றும்போது நத்தம், சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பாருங்கள். விடியும் முன்பே சுற்றுவட்டாரமே கரையில் நிற்கும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை, கொசுவலை, சேலை என்று கையில் கிடைத்ததோடு எல்லோரும் சேற்றில் இறங்குவார்கள். விரால், குரவை, கெளுத்தி, கெண்டை. பிடித்ததை விற்கக் கூடாது என்பது பல ஊர்களில் வழக்கம். அன்று மத்தியானம் தெருவில் எந்த வீட்டைக் கடந்தாலும் புளிக்குழம்பு வாசம்தான். அந்த மீனை எந்த அதிகாரி எடை போடுவார்? ஏரி, ஆறு, கண்மாயில் பிடிபடும் மீனில் இந்தியாதான் உலகில் முதலிடம், 2022-ல் 19 லட்சம் டன் என்கிறது ஐ.நா. கணக்கு. நத்தத்துக் கொசுவலைகள் அதில் இருக்குமா என்பது சந்தேகமே.

கண்மாய் தூர்ந்தால் இந்த மீன் சத்தமில்லாமல் போகும். தோல் ஷாப் கழிவு கலக்கும் வாய்க்காலிலும் அது இருக்காது. கடலில் மத்தி குறைந்தால் தலைப்புச் செய்தி. கண்மாயில் கெளுத்தி குறைந்தால் வீட்டுக் குழம்பில் மட்டும்தான் தெரியும். வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் இருக்கிற நாட்டு மீனையும் தின்று தீர்த்துவிடும். இந்தப் பக்கத்து மக்கள் உயிரை விடும் அயிரை இன்று வசதியுள்ளவர் சாப்பாட்டு மீனாகிவிட்டது.

திண்டுக்கல் வந்தால் ஞாயிறு காலை 7 மணிக்குள் மார்க்கெட்டுக்குப் போய்விடுங்கள். 'இது எந்த ஊர் மீன், கடலா, அணையா, பண்ணையா?' என்று கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மத்தி வாங்கினால் 10 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். கேரளத்தில் சட்டம் வைத்திருக்கும் அளவு அது. அணை மீன் வேண்டுமென்றால், மழைக்காலம் முடிந்து தண்ணீர் தெளிந்த தை, மாசியில் ஆத்தூர்ப் பக்கம் ஒரு நடை போய் வரலாம்.