பேத்தியுடன் பனிமலைக்கு

நமது நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கனடாவில் விஸ்லர் மலைமேல் கட்டப்பட்டுள்ள ரவுண்ட்ஹவுஸ் என்ற பெரிய உணவு மண்டபம் 1,850 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ ஒரே உயரம்தான். விஸ்லரின் உச்சியோ நமது பாவா ஆதம் மலையை விடக் கொஞ்சம் குறைவு. அது 2,181 மீற்றர், இது 2,243 மீற்றர். ஆனால் நாம் இருப்பது 7 பாகை வட அகலாங்கில், விஸ்லர் இருப்பது 50 பாகையில். அதனால் இங்கே அந்த உயரத்தில் தேயிலை வளர்கிறது. அங்கே மார்ச் மாதத்திலும் ஆள் உயரத்துக்கு மேல் பனி கிடக்கிறது.

வான்கூவர் நகருக்கு வடக்கே சுமார் 120 கிலோமீற்றர் தூரத்தில் அந்த மலை இருக்கிறது. கடலோரமாகச் சென்று மலைகளுக்குள் நுழையும் பாதையில் காரில் இரண்டு மணித்தியாலம் போக வேண்டும். விஸ்லர், பிளாக்கோம் என்று இரண்டு மலைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. விஸ்லரில் 1966ஆம் ஆண்டிலும் பிளாக்கோமில் 1980ஆம் ஆண்டிலும் பனிச்சறுக்கு ஆரம்பமானது. போட்டிக் கடைகள் போல நடந்த இரண்டும் 1997இல் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. இன்று 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலப்பரப்பு, 200க்கு மேற்பட்ட சறுக்குப் பாதைகள். நோர்வேயில் பிறந்த பிரான்ஸ் வில்ஹெல்ம்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும், 1968ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் போட்டியை இங்கே கொண்டு வரலாம் என்ற நம்பிக்கையில்தான் இந்த வேலையைத் தொடங்கினார்களாம். ஒலிம்பிக் வந்தது 2010இல். அதைப் பார்க்க வில்ஹெல்ம்சன் இருக்கவில்லை. அவர் 1998இல் காலமாகி விட்டார். இன்று ஹோட்டல்களும் கடைகளும் நிறைந்திருக்கும் விஸ்லர் கிராமத்தின் நடுப்பகுதி ஒரு காலத்தில் ஊரின் குப்பைமேடாக இருந்தது என்று கேட்டபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

இந்த வயதில், முழங்கால் வலியோடு, அக்குறணையில் பிறந்து வளர்ந்த எனக்கு அங்கே என்ன வேலை என்று சகோதரிகள் கேட்பீர்கள். காரணம் என் பேத்தி.

அவளுக்கு வயது பதினான்கு. பாடசாலையில் மாணவர்களைக் கூட்டிச் சென்று ஸ்கீ பழக்கும் குழுவில் தானும் சேர வேண்டும் என்று கேட்டுக் கொண்டிருந்தாள். என் மகனுக்கு மனமில்லை. பிள்ளை விழுந்து விடுவாள் என்பது அவன் வாயால் சொன்ன காரணம். பெண் பிள்ளை, பெரிய பிள்ளையாகி விட்டாள், நாள் முழுக்க எங்கே சாப்பிடுவாள், எங்கே தொழுவாள், யாரோடு இருப்பாள் என்பதெல்லாம் சொல்லாத காரணங்கள். மருமகள் போகட்டும் என்றாள். கடைசியில் இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். "உம்மா, நீங்க சொல்றதுதான். நீங்களே சொல்லுங்கோ" என்றான் மகன்.

நான் முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள். பார்க்காத ஒன்றுக்குப் புள்ளி போட்டுப் பழக்கமில்லை. "என்னை முதலில் அந்த இடத்துக்குக் கூட்டிப் போங்கோ" என்றேன். இன்னொன்றும் மனதில் இருந்தது. எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது பாடசாலை நெட்போல் குழுவிலிருந்து என்னை நிறுத்தினார்கள். பெரிய பிள்ளையாகி விட்டாளாம். யாரும் மைதானத்துக்கு வந்து நாங்கள் எப்படி விளையாடுகிறோம், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை. திண்ணையில் இருந்தபடியே முடிவு எடுத்தார்கள்.

2023 ஜனவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை, சுபஹு தொழுத கையோடு புறப்பட்டோம்.

முதலில் உடை. அங்கே போனதும் எனக்கு ஏற்பட்ட பெரிய ஆச்சரியம் அதுதான். தடித்த மேலங்கி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தொளதொளவென்று நீர் புகாத காற்சட்டை, கையுறை, கழுத்தைச் சுற்றிக் குழாய் போன்ற கம்பளித் துணி, தலைக்கவசம், கண்ணை மறைக்கும் அகலக் கண்ணாடி. ஆணா பெண்ணா என்றுகூடச் சட்டென்று சொல்ல முடியாது. என் பேத்தி மெல்லிய ஹிஜாபின் மேல் தலைக்கவசத்தைப் போட்டாள். அதன் பிறகு ஆயிரம் பேருக்குள் அவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மேலங்கியின் நிறத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

கிராமத்திலிருந்து மலைமேல் கேபிள் கார் செல்கிறது. சின்ன அறை போன்ற பெட்டி, இரண்டு பக்கமும் இருக்கை. நிலையத்துக்குள் வரும்போது ஆமை வேகத்தில் நகர்வதால் நாம் நிதானமாக ஏறி உட்காரலாம். சுமார் 25 நிமிடப் பயணம். கீழே பைன் மரங்கள் பஞ்சு மூட்டை சுமப்பது போல் நின்றன. ஆதம் மலையில் ஐயாயிரத்துக்கு மேல் படிகள். இருபது வயதில் பாதியில் திரும்பியவள் நான். இங்கே ஒரு படிகூட ஏறாமல், பிஸ்மி சொல்லி உட்கார்ந்து, அந்த மலைக்குக் கிட்டிய உயரத்துக்குப் போய் விட்டேன்.

பாதி வழியில் ஒரு நிலையம் இருக்கிறது. புதிதாகப் பழகுபவர்களுக்கான இடம். நாங்கள் அங்கே இறங்கி ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தோம். நான்கைந்து வயதுக் குழந்தைகள், பென்குயின் குஞ்சுகள் போல, ஆசிரியையின் பின்னால் வளைந்து வளைந்து வந்தார்கள். மேலே ஏறுவதற்கு நிலத்தில் ஒரு நாடா தானாக நகர்கிறது. அதன்மேல் நின்றால் போதும். பயிற்றுநர்களில் இளம் பெண்கள் நிறையப் பேர். விழுந்த பிள்ளையை உடனே தூக்காமல், எப்படித் தானாக எழுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். நடக்க முடியாத ஒருவர், சறுக்குப் பலகை பொருத்திய ஆசனத்தில் அமர்ந்தபடியே இறங்கி வந்ததையும் கண்டேன். கால் இல்லாதவருக்கும் வழி வைத்திருக்கிறார்களே என்று அந்த இடத்தின் மேல் எனக்கு முதன்முதலாக ஒரு மரியாதை வந்தது.

பாதைகளுக்கு நிறம் உண்டு. பச்சை வட்டம் இலகு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரண்டு கறுப்பு வைரம் என்றால் கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். இதை மகனிடம் காட்டி, "பிள்ளை எதில் போவாள்?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லு முன்பே பேத்தி, "பச்சையில் மட்டும்தான் வாப்பும்மா. டீச்சர் விட்டால்தான் நீலம்" என்றாள்.

இனி ரவுண்ட்ஹவுஸ். நான் பார்க்க வந்ததே இதைத்தான். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய மண்டபம். உள்ளே கதகதப்பு. மேசைகளில் தலைக்கவசங்கள், காயப்போட்ட கையுறைகள், ஈரக் கம்பளியின் வாசம். சூப், பீட்ஸா, பர்கர் எல்லாம் விற்கிறார்கள். ஹலால் என்ற பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. மருமகள் இறைச்சி ரொட்டியும் சம்பலும் கட்டி எடுத்து வந்திருந்தாள். வெளிச் சாப்பாட்டைக் கொண்டு வந்து உண்பவர்கள் எங்களைத் தவிரவும் பலர் இருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சம்பல் வாசத்துக்குப் பக்கத்து மேசைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பெண்களுக்கான கழிவறை சுத்தமாக இருந்தது. சுடுநீர் வந்தது. நமது பயணங்களில் இந்த ஒரு விடயத்துக்காகவே எத்தனை பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். மலை உச்சிக்குக் கிட்டப் பனிக்குள் சுடுநீர் கொடுக்க முடிகிறதென்றால், நமது பஸ் நிலையங்களில் ஏன் முடியாது என்று நினைத்துக் கொண்டேன்.

வுளூச் செய்வதில் கால் கழுவுவதுதான் கஷ்டம். முகம் கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைப்பதை அங்கே விரும்ப மாட்டார்கள். நிலமும் ஈரமாகிப் பிறர் வழுக்கி விழலாம். மருமகள் எனக்குத் தோலில் தைத்த காலுறை வாங்கித் தந்திருந்தாள். வீட்டில் வுளூச் செய்து அதை அணிந்து வந்ததால் மேலே மஸ்ஹு செய்தால் போதுமாயிருந்தது. சின்ன வயதில் மத்ரஸாவில் ஓதிய அந்தச் சட்டம் நமது வெப்ப நாட்டில் எனக்கு ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை.

தொழுகைக்கென்று அறை இல்லை. பேத்தி எங்கோ போய், ஒரு நடைபாதையின் முடிவில் ஆள் நடமாட்டமில்லாத மூலையொன்றைக் கண்டுபிடித்து வந்தாள். திசைகாட்டியைக் கையில் வைத்துக் கொண்டு அவள் நின்ற பக்கத்தைப் பார்த்து நான் திகைத்தேன். நமக்கு கிப்லா மேற்குப் பக்கம். அங்கே வடக்கு, அதுவும் சற்றே கிழக்குச் சாய்ந்த வடக்கு. பூமி உருண்டை அல்லவா? ஒரு தோடம்பழத்தின் மேல் இரண்டு புள்ளிகளை வைத்து இடையில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் குறுக்கு வழி தேடி மேலே வளைந்து போகும். கனடாவிலிருந்து மக்காவுக்குக் கிட்டிய வழி வட துருவப் பக்கமாகவே போகிறது. அந்த மாதத்தில் ளுஹருக்கும் அஸருக்கும் இடையில் சுமார் இரண்டு மணித்தியாலம்தான். ஐந்து மணிக்கெல்லாம் மஃரிப். பயணிகள் என்பதால் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம். இதையெல்லாம் யாரும் சொல்லாமலே பேத்தி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மகன் தூரத்தில் நின்று அவளைப் பார்த்துக் கொண்டிருந்தான்.

பிறகு ஒரு மலையிலிருந்து மற்ற மலைக்குச் செல்லும் கேபிள் காரில் ஏறினோம். பீக் டு பீக் என்பது அதன் பெயர். 2008 டிசம்பரில் திறந்தார்கள். நீளம் 4.4 கிலோமீற்றர், பயணம் 11 நிமிடம். நடுவில் மூன்று கிலோமீற்றருக்கு மேல் ஒரு தூண்கூடக் கிடையாது. திறந்தபோது அது உலக சாதனை. பள்ளத்தாக்கின் நடுவில் பெட்டி நிலத்திலிருந்து 436 மீற்றர் உயரத்தில் தொங்குகிறது. 28 பெட்டிகளில் இரண்டுக்குக் கண்ணாடித் தரையாம். அதற்கு வேறு வரிசை. நான் வேண்டாம் என்று விட்டேன். சாதாரணப் பெட்டியிலேயே திக்ரு வாயை விட்டுப் போகவில்லை.

ஆபத்து இல்லாத இடம் என்று சொல்ல மாட்டேன். இரவில் பனி கொட்டினால், பனிச்சரிவு ஆட்களின் மேல் விழாமலிருக்க அதிகாலையிலேயே வெடி வைத்துத் தாங்களாகவே அதைச் சரித்து விடுகிறார்கள். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. முதுகில் வெள்ளைச் சிலுவைக் குறியுள்ள காவலர்கள், காயப்பட்ட ஒருவரைச் சறுக்குத் தொட்டிலில் கட்டி இறக்கிச் செல்வதை எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். மகன் என்னைப் பார்த்தான். நான் அந்தக் காவலர்கள் எவ்வளவு சீக்கிரம் வந்தார்கள் என்பதைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

செலவுதான் மலையை விட உயரம். அன்றே போய்ச் சீட்டு வாங்கினால் ஸ்கீ செய்பவருக்கு ஒரு நாளைக்கு 200 கனேடிய டொலருக்கும் மேல். சும்மா பார்க்கப் போகிறவர்களுக்குக் குறைவு. வேலை செய்யும் இளைஞர்களின் பெயர்ப்பட்டியில் அவரவர் ஊரும் எழுதியிருக்கும். அவுஸ்திரேலியப் பிள்ளைகள் நிறைய. அங்கே வீட்டு வாடகை அதிகம் என்பதால் ஒரே அறையில் பலர் நெருக்கியடித்துத் தங்குகிறார்களாம். பிள்ளைகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய நமக்கு அது புதிய கதையல்ல.

திரும்பும் வழியில் காரில் பேத்தி தூங்கிப் போனாள். மகன் ஒன்றும் கேட்கவில்லை. நானே பேச்சைத் தொடங்கினேன். "ஒரு நாள் பயணமாக டீச்சரோடு போய் வரட்டும். சாப்பாடு வீட்டிலிருந்து. இரவு தங்குவதென்றால் அது வேறு கதை, அதை நீங்கள் இரண்டு பேரும் பேசிக் கொள்ளுங்கோ" என்றேன். "விழுந்தால், உம்மா?" என்றான். "நீ சைக்கிள் பழகும்போது கையை உடைத்தாய். சைக்கிளை விற்றேனா?" என்று கேட்டேன். மருமகள் முன் இருக்கையில் வாயைப் பொத்திக் கொண்டு சிரித்தாள். அந்தக் குளிர்காலத்தில் பேத்தி நான்கு முறை போய் வந்தாள். இரண்டாம் முறையிலேயே நீலப் பாதை.

பிள்ளைகளிடம் கனடா போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்து விட்டு வராதீர்கள். ஸ்கீ தெரியாதவர்களும் மேலே போகலாம். பனிச் சப்பாத்து வழுக்காததாக இருக்கட்டும். நனையாத மெல்லிய முஸல்லா ஒன்றைப் பையில் மடித்து வையுங்கள். இஞ்சித் தேத்தண்ணியை இருப்பதிலேயே பெரிய பிளாஸ்கில் ஊற்றிக் கொண்டு போங்கள். மலைமேல் ஒரு கோப்பைக்குக் கொடுக்கும் காசில் நம் ஊரில் அரைக் கிலோ தேயிலை வாங்கி விடலாம்.