பெரிய தாத்தாவின் லாக் புக்

தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப்போரில் ஹரிக்கேன் போர் விமானம் ஓட்டியவர். ஜப்பான் விமானங்களைச் சுட்டுத் தள்ளினார் என்பது எங்கள் வீட்டுப் புராணம். அவர் ஒவ்வொரு பறத்தலையும் குறித்துவைத்த லாக் புக்கைப் புரட்டினால் கதை வேறு. 1944, இம்பால். 'பணி' என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக வேவுதான். இந்திய விமானப்படையின் ஹரிக்கேன்கள் அங்கே பெரும்பாலும் அதைத்தான் செய்தன. ஜோடியாகப் போவார்கள். ஒருவர் தாழப் பறந்து காட்டுப்பாதைகளில் எதிரி நடமாட்டம் பார்ப்பார். மற்றவர் வானத்தைப் பார்த்தபடி அவருக்குக் காவல். சுடுவதைவிட இதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும் என்பேன். (சித்தப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை!)

லாக் புக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஸ்குவாட்ரன்களின் (விமானப்படைப் பிரிவுகளின்) அன்றாட நடவடிக்கைப் பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 'ஏர் 27' வரிசையில் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் இப்படியொரு லாக் புக் கிடந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஸ்கேன் எடுத்து வையுங்கள்.