பத்துப் பிள்ளைகளின் உம்மா வரைந்த பூக்கள்

பத்தாம் தரத்துக்குப் பாடத்தெரிவு வரும் காலத்தில் பெற்றோர் சிலர் தவறாமல் கேட்பார்கள்: "டீச்சர், சித்திரம் எடுத்து இவ என்ன செய்யப் போறா? நாளைக்குக் கலியாணம் முடிச்சா எல்லாம் சரி."

அவர்களுக்கு நான் சொல்லும் பெயர் ரேச்சல் ரூய்ஷ்.

1664இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பிறந்தவர். நமது கரையோரம் ஒல்லாந்தரின் கையில் இருந்த காலம் அது. அவர் 1750இல் மௌத்தான போதும் ஒல்லாந்தர் இங்கேதான் இருந்தார்கள். நம் கறுவா போய் இறங்கிய ஆம்ஸ்டர்டாமில்தான் அவர் வளர்ந்தார்.

அவருடைய வாப்பா பிரெடெரிக் ரூய்ஷ் பெயர்பெற்ற உடற்கூற்று அறிஞர், தாவரவியல் பேராசிரியர். வீடு நிறைய அவர் சேகரித்த செடிகளும் பூச்சிகளும். மகள் அவற்றைப் பார்த்து வரையப் பழகினாள். பதினைந்து வயதில் வாப்பா அவளை வில்லெம் வான் ஆல்ஸ்ட் என்ற பூ ஓவியரிடம் படிக்க அனுப்பினார். இதை 1679ஆம் ஆண்டளவில் ஒரு தகப்பன் தன் மகளுக்குச் செய்தார்.

1693இல் யூரியான் பூல் என்ற ஓவியரைக் கலியாணம் முடித்தார். பிள்ளைகள் பத்து. தூரிகை நிற்கவில்லை. 1701இல் ஹேக் நகர ஓவியர் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதன் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். 1708இல் ஜேர்மனியின் டுசல்டோர்ப் அரசவை ஓவியரானார். வீட்டை அங்கே மாற்றவும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் இருந்தே வரைந்து அனுப்பினார்.

அவருடைய ஒரு படம் 750 முதல் 1,200 கில்டர் வரை விலை போனது. ரெம்பிராண்டின் படங்களே தன் காலத்தில் 500 கில்டரைத் தாண்டுவது அரிது என்பார்கள்.

படங்களைத் தேடிப் பாருங்கள். இருண்ட பின்னணி, ஒரு சாடி, அதில் ரோஜா, டியூலிப், பொப்பி. வேறு வேறு பருவத்தில் பூப்பவை ஒரே சாடியில் இருக்கும். அப்படியொரு பூங்கொத்தை யாரும் கையில் பிடித்திருக்க முடியாது. ஒவ்வொரு பூவையும் அது பூக்கும் காலத்தில் பார்த்து வைத்து, பிறகு ஒன்றாகச் சேர்த்தார்கள். கொஞ்சம் கிட்டப் பார்த்தால் இலையில் புழு அரித்த ஓட்டை, தண்டில் ஓர் எறும்பு, வாடத் தொடங்கிய இதழ். துன்யாவின் அழகும் அதன் முடிவும் ஒரே படத்தில்.

உருவம் வரைவது பற்றி நம்மிடையே பேச்சு உண்டு. படம் வரைந்து பிழைத்த ஒருவரிடம் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள், வரையத்தான் வேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையச் சொன்னதாக புகாரியில் இருக்கிறது. பூ வரைய விரும்பும் பிள்ளைக்கு அந்த வாசல் திறந்தே இருக்கிறது.

1723இல் அந்தக் குடும்பத்துக்கு லொத்தரில் 75,000 கில்டர் விழுந்தது. லொத்தர் நமக்கு ஆகாது, அதை விடுங்கள். நான் பார்ப்பது அதற்குப் பிறகு நடந்ததை. காசுக்காக வரைய வேண்டிய தேவை போய்விட்டது. ஆனாலும் எண்பது தாண்டியும் வரைந்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் வயதையும் எழுதினார். அவர் இறந்த ஆண்டில் 11 கவிஞர்கள் அவரைப் பாடிய தொகுப்பொன்று வெளிவந்தது.

திறமை மட்டும் அவரை இவ்வளவு தூரம் கொண்டு வரவில்லை. படிக்க அனுப்பிய வாப்பா இருந்தார். மனைவியின் பெயர் தன் பெயரை விடப் பெரிதாக வளர்ந்தபோதும் குறுக்கே நிற்காத கணவர் இருந்தார். வீட்டு வேலைக்கு ஆள் வைக்க அவருடைய உழைப்பின் காசும் உதவியிருக்கும். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தப் பெயர் நமக்கு வந்து சேர்ந்திருக்குமா தெரியாது.

எங்கள் வகுப்புகளில் நன்றாக வரையும் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். கலியாணத்துக்குப் பிறகும் பென்சில் பிடிப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். பிள்ளையிடம் "இதைப் படித்து என்ன செய்வாய்" என்று கேட்பதற்கு முதல், அவள் செய்வதற்கு நாம் என்ன இடம் விட்டு வைத்திருக்கிறோம் என்று வாப்பாமாரும் மாப்பிள்ளைமாரும் ஒருமுறை யோசியுங்கள்.