வாகனமில்லாப் பாதையின் உரிமைகள்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

ஸலாம் கூறுவதில் யார் முந்திக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் மத்ரஸாவின் முதலாம் வருட மாணவர்களுக்கு நடத்துகிறேன். அமர்ந்திருப்பவரை நடப்பவர் முந்த வேண்டும்; நடப்பவரை வாகனத்தில் செல்பவர் முந்த வேண்டும். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த வழிகாட்டல் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. ஏறிச் செல்பவரின் உள்ளத்தில் பெருமை நுழைந்துவிடாதிருக்கவே அவர் முதலில் ஸலாம் கூறப் பணிக்கப்பட்டார் என்ற விளக்கத்தை ஹாபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் ‘பத்ஹுல் பாரி’யில் எடுத்துத் தருகிறார்கள். மாணவர்கள் அரபு நாட்டு ஒட்டகத்தையும் குதிரையையும் மனதில் வரைந்துகொள்வார்கள். நானோ நான்கு ஆண்டுகளாக இப்பாடத்தை ஊவா மலைகளின் கிரவல் பாதைகளில், துவிச்சக்கரவண்டியின் ஆசனத்தில் அமர்ந்தபடி மீண்டும் படித்து வருகிறேன்.

இதன் தொடக்கம் எளிமையானது. நாற்பதைக் கடந்ததும் இரத்தத்தில் சீனியின் அளவு கூடியது. நாள்தோறும் உடலை அசைக்குமாறு வைத்தியர் வற்புறுத்தினார். அதே காலத்தில் கட்டாரிலிருந்து திரும்பிய என் மைத்துனர், தாம் அங்கே பாவித்த கிரவல் சைக்கிளை என்னிடம் ஒப்படைத்தார். பந்தயச் சைக்கிளைப் போல வளைந்த கைபிடி, ஆனால் நாற்பது மில்லிமீற்றருக்குக் குறையாத அகலமுள்ள டயர்கள், செங்குத்தான ஏற்றத்திலும் மெதுவாக மிதிக்க உதவும் இலகுவான கியர்கள் என அமைந்தது அது. டயரின் காற்றை ஓரளவு குறைத்துக்கொண்டால் கல்லும் குழியும் கையை அவ்வளவாக உலுக்குவதில்லை. மேலை நாடுகளில் இது பெரிய விளையாட்டாகவே வளர்ந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு இத்தாலியில் இதற்கான முதலாவது உலகச் சம்பியன் போட்டியும் நடைபெற்றது. “மௌலவி, இந்த வயசுல சைக்கிளா?” என்று ஜமாஅத்தில் சிலர் சிரித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியை அவர்களுக்கு நினைவூட்டினேன். சிரிப்பு நிற்கவில்லை, ஆயினும் அதன் தொனி மாறியது.

பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடை ஆகிய நகரங்களுக்கிடையே பிரதான வீதியில் சைக்கிள் ஓட்டுவது ஆபத்தானது. பஸ்ஸும் லொறியும் வளைவுகளில் ஒன்றையொன்று முந்திக்கொள்ளும். ஆனால் அவ்வீதியிலிருந்து விலகி ஒரு தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் உலகமே வேறாகிவிடுகிறது. கொழுந்து ஏற்றும் லொறிக்காக வெட்டப்பட்ட பாதைகள் மலையின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறுகின்றன. ஒரு மணித்தியாலம் மிதித்தாலும் எதிரே ஒரு முச்சக்கரவண்டியைக் காண்பது அரிது. காற்றின் ஓசையும், கீழே எங்கோ பதுளைப் புகையிரதத்தின் ஒலியும், டயருக்கடியில் கற்கள் நொறுங்கும் சத்தமும் மட்டுமே கேட்கும். ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் உலர்ந்த காற்று வீசும். இந்தப் பிரதேசத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவதும், பாதைகளைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பதும் அக்காற்றுத்தான். ஐப்பசிக்குப் பிறகு மழை பிடித்துவிட்டால் அதே பாதை சேறாகிவிடும்.

இந்த மலைப் பாதைகள் நம் சமூகத்துக்குப் புதியவையல்ல. கண்டி இராச்சியக் காலத்தில் ‘தவலம்’ என்று அழைக்கப்பட்ட பொதிமாட்டு வணிகத்தில் முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள். கரையோரத்திலிருந்து உப்பையும் கருவாட்டையும் மாட்டின் முதுகிலேற்றி மலைக்குக் கொண்டுவந்து, பாக்கும் மிளகும் ஏற்றித் திரும்பினார்கள். அவர்களுக்கும் முன்னர், 1344இல், இப்னு பதூதா இந்நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலையில் ஏறியிருக்கிறார். நம் முன்னோர் இம்மலைகளில் கால்நடையாக ஏறியவர்கள். சந்தித்தவரிடமெல்லாம் பேசி, நம்பிக்கையைச் சம்பாதித்து, வணிகம் செய்தவர்கள்.

ஏற்றத்தில் நபித்தோழர்கள் தக்பீர் கூறினார்கள். இறக்கத்தில் தஸ்பீஹ் கூறினார்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் இந்த அறிவிப்பு புகாரியில் உள்ளது. இதைப் படித்தவர் பலர். மூச்சிரைக்க நடைமுறைப்படுத்திப் பார்க்கும் வாய்ப்பு சிலருக்கே கிட்டுகிறது. பெடலை ஒருமுறை அழுத்தும்போது ஒரு தக்பீர் என்று ஏறிப் பாருங்கள். உச்சியை அடைந்தவுடன் மனிதனுக்கு இயல்பாக எழும் எண்ணம், ‘நான் ஏறிவிட்டேன்’ என்பதே. அந்த ‘நான்’ தலைதூக்கும் இடத்தில் அல்லாஹ்வே மிகப் பெரியவன் என்று நாவு சொல்லிக்கொண்டிருக்கிறது. பூமியில் செருக்குடன் நடக்க வேண்டாம், உயரத்தில் மலைகளை நீ எட்டிவிடப் போவதில்லை என்ற கருத்தில் ஸூரா பனூ இஸ்ராயீல் எச்சரிப்பதன் பொருளும் அங்கே தெளிவாகிறது. இறக்கத்திலோ கைகள் பிரேக்கை மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும். உதிர்ந்த கல்லின் மீது திடீரென அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும். தாழ்வும் குறையும் அற்றவன் அல்லாஹ் ஒருவனே என்று துதித்தபடி, தன் பலவீனத்தை உணர்ந்து இறங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

இதுவரை சொன்னவை சவாரி செய்பவருக்குக் கிடைக்கும் இன்பங்கள். ஆனால் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது வேறொரு விடயம்.

சென்ற ஆண்டு ஒரு காலைப் பொழுதில், தோட்டமொன்றின் கொழுந்து மடுவத்துக்கு அருகில் தண்ணீர் அருந்துவதற்காக நின்றேன். மடுவத்துத் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நல்ல ரோட்ட உட்டுட்டு ஏன் மௌலவி ஐயா இந்தக் கல்லு ரோட்டுல கஷ்டப்படுறீங்க?” என்று கேட்டார்.

வாகனத் தொல்லை இல்லை, அதனால்தான் வருகிறேன் என்றேன்.

“வாகனம் எங்க வரும்? போன மழையில எம் மருமகளுக்கு வலி எடுத்துச்சு. ஆட்டோக்காரன் வர மாட்டேன்னுட்டான். கொழுந்து லொறியிலதான் ஏத்திட்டுப் போனோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ரெண்டு மணித்தியாலம்.” சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டுக் கேட்டார்: “இதுக்குக் காப்பட் போட்டுட்டா நீங்க இந்தப் பக்கம் வருவீங்களா?”

“போடட்டும் அப்பச்சி. நான் பஸ்ஸில வாறேன்” என்றேன். பெரியவர் பல்லில்லாத வாயால் சிரித்தார். தாயும் பேரப்பிள்ளையும் நலமாக இருப்பதாகவும் சொன்னார்.

வாகனமில்லாப் பாதை என்று நாம் புகழ்வதற்கும், வாகனம் வராத பாதை என்று அங்கு வாழ்பவர் சொல்வதற்கும் இடையிலுள்ள தூரத்தை அன்று முழுவதும் எண்ணிக்கொண்டே மிதித்தேன். எனக்கு அமைதியைத் தரும் அதே கற்கள்தாம் ஒரு பெண்ணின் பிரசவ வேதனையை இரண்டு மணித்தியாலம் நீட்டியிருக்கின்றன. அப்பாதையை வெட்டியவர்களும் அப்பெரியவரின் முன்னோரே. 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவடைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் இடம்பெற்றது. நடந்தே வந்தவர்களின் பரம்பரையில் பலர் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஆகவே, அப்பாதைக்குத் தார் விழ வேண்டும் என்று நான் துஆச் செய்கிறேன். என் இன்பம் அதனால் குறையும் என்பதை அறிந்தே செய்கிறேன். அயலவரின் உரிமை அவருடைய மதத்தைக் கேட்டு வருவதில்லை. ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று வீட்டாரிடம் விசாரித்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வரலாறு நமக்குப் போதுமானது.

அந்த நாள் வரும்வரை அப்பாதையில் சவாரி செய்பவர் மீது சில கடமைகள் உள்ளன. பாதையின் உரிமைகள் யாவை என்று தோழர்கள் கேட்டபோது, பார்வையைத் தாழ்த்துதல், துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்குப் பதிலளித்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவற்றை நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். பாதையோரத்தில் அமர்வோருக்குச் சொல்லப்பட்ட இவ்வுரிமைகள் அதில் விரைவோரையும் கட்டுப்படுத்தவே செய்யும்.

தோட்டங்களில் பெண்கள் குளிக்கும் பீலிகள் பெரும்பாலும் பாதையின் வளைவிலேயே அமைந்திருக்கும். சைக்கிள் சத்தமின்றி வருவது. எனவே வளைவுக்கு முன்பே மணியடிக்க வேண்டும், பார்வையைத் தாழ்த்திக் கடந்துவிட வேண்டும். லயன்களின் முன்னே நின்று புகைப்படம் எடுப்பதும் இதே ஒழுங்குக்குள் அடங்கும். பிறர் வீட்டு முற்றம் நமக்குக் காட்சிப்பொருளாகாது. தலையில் கொழுந்துச் சுமையுடன் ஏறி வருபவருக்கு வழிவிட்டு நாம் இறங்கி நிற்க வேண்டும். ஏற்றத்தில் அவர் ஒருமுறை நின்றுவிட்டால் சுமை இரட்டிப்பாகிவிடும். தோட்டத்துக்குள் நுழையுமுன் காரியாலயத்தில் அனுமதி கேட்பதும் அவசியம். மழை கரைத்துத் தள்ளிய கற்கள் நடுப்பாதையில் கிடந்தால் நான் இறங்கி அகற்றிவிடுகிறேன். பாதையிலிருந்து துன்பம் தருவதை நீக்குவது ஈமானின் கிளைகளுள் ஒன்று அல்லவா? அடுத்த முறை அவ்வழியே லொறி ஒரு நோயாளியை ஏற்றிச் செல்லக்கூடும்.

எல்லாவற்றுக்கும் முதலாவது, முந்திக்கொண்டு முகமன் கூறுவது. முஸ்லிமைக் கண்டால் ஸலாம். தோட்டத்து மக்களிடம் “சுகமா இருக்கீங்களா?” என்றும், சிங்களக் கிராமத்தவரிடம் “கொஹோமத?” என்றும் நானே முதலில் கேட்கிறேன். மிதிப்பது கடினமான ஏற்றத்தில் வார்த்தை முழுமையாக வெளிவராது. தலையசைப்பும் புன்னகையும் போதும். ஆனால் நடப்பவர் முந்தும்வரை காத்திருப்பது சவாரி செய்பவருக்கு அழகன்று.

வாலிபச் சகோதரர்கள் பலர் இப்போது இவ்வகைச் சைக்கிள்களை வாங்கத் தொடங்கியுள்ளனர். உடலைப் பேணுவது அமானிதத்தைப் பேணுவதாகும், தாராளமாக ஓட்டுங்கள். ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். வுழூவுக்கும் உதவும், வழியில் தாகித்தவருக்கும் உதவும். ளுஹர் நேரம் மலையில் வந்துவிட்டால் சுத்தமான ஒரு புல்தரையே பள்ளிவாசலாகிவிடும். தொழுகை முடிந்து கையேந்தும்போது, அந்த மலையில் வாழும் மக்களையும் அந்த துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, நம்மைவிடக் கடினமான பாதையில் நடப்போரின் சுமைகளையும் இலேசாக்கியருள்வானாக. ஆமீன்.