டப்பாவுல பிகாச்சு... படகுல ஆமை!

போன மாசம் காலேஜ்ல ஒரு மாதிரி இன்டர்வியூ நடத்தினாங்க. "உன் ஹாபி என்னம்மா?"ன்னு கேட்டார் ஒருத்தர். "பழைய கார்ட்டூன் சாமான் சேர்க்கறது சார்"னு சொன்னேன். எதிர்ல இருந்த மூணு பேரும் ஒரே நேரத்துல நிமிர்ந்தாங்க. "ஸ்டாம்ப் கேள்விப்பட்டிருக்கேன், காயின் கேள்விப்பட்டிருக்கேன். அது என்ன கார்ட்டூன் சாமான்?" ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கற கதையா அது? முழிச்சுட்டு வெளியில வந்துட்டேன். அன்னிக்குச் சொல்ல முடியாததை இங்கே கொட்டிடறேன்.

நான் பழவேற்காட்டுப் பொண்ணு. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். "அட, பூநாரை வருமே, அந்த ஊரா?"ன்னு எல்லாரும் கேப்பீங்க. அதே ஊர்தான்! ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவுல ஒரு கோடு கிழிச்ச மாதிரி மணல்திட்டு. அதுமேல வரிசையா மீனவக் குப்பங்கள். அதுல ஒண்ணுதான் எங்களுது. 1613-ல டச்சுக்காரங்க இங்கே கோட்டை கட்டினாங்க. அவங்க விட்டுட்டுப் போன கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாக்குது. எங்க மாமாவோட பிஸ்கெட் டப்பாவை நான் பாதுகாக்கறேன்!

அந்த டப்பாவுக்கு முன்னாடி, எங்க வீட்டு கார்ட்டூன் வரலாறு கொஞ்சம்.

முதல் தலைமுறை எங்க அம்மா. 1993-ல தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை காலையில 'ஜங்கிள் புக்' போடுவாங்க. 1989-ல ஜப்பான்ல எடுத்த தொடர், 52 எபிசோட். இங்கே இந்தி பேசிக்கிட்டு வந்துச்சு. பாட்டு எழுதினது குல்சார், இசை விஷால் பரத்வாஜ். எங்க அம்மாவுக்கு இந்தியில ஒரு வார்த்தை தெரியாது. ஆனா, மீன் கழுவும்போது இன்னிக்கும் அந்தப் பாட்டை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் பாடுவாங்க. அர்த்தம் கேட்டா, "மோக்லி பாட்டுடி, அர்த்தம் எதுக்கு?"ன்னு ஒரு முறைப்பு!

ரெண்டாவது தலைமுறை மாமா. அம்மாவோட தம்பி. 1995-ல கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தாச்சு. ஆனா, எங்க குப்பத்துல அப்போ கேபிள் கிடையாது. ஏரியைத் தாண்டி பஜாருக்குப் போகணும். அங்கே கேபிள் இருந்த ஒரு வீட்டு ஜன்னல்ல தொங்கிக்கிட்டுப் பார்க்கணும். மாமா தொங்குவார். 'போகிமான்' வந்த பிறகு சுத்தமா பைத்தியம். சிப்ஸ் பாக்கெட்டுக்குள்ள டாஸோன்னு ஒண்ணு வருமே, ஞாபகம் இருக்கா? வட்டமா பிளாஸ்டிக் வில்லை, ஓரத்துல சின்னச் சின்ன வெட்டு, நடுவுல பொம்மை. எறா உரிச்சுக் கிடைக்கற காசு மொத்தமும் சிப்ஸா மாறும். சிப்ஸைத் தங்கச்சிங்களுக்குக் கொடுத்துட்டு வில்லையை மட்டும் எடுத்துப்பார். அதுபோக பபிள்கம் ஸ்டிக்கர்கள். எல்லாம் கட்டிலுக்கு அடியில, ஒரு பிஸ்கெட் டப்பாவுல.

"உருப்படாதவனே, பொட்டியையே பாத்துப் பாத்து கெட்டுப் போற"ன்னு ஆயா தினமும் திட்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. மாமாவுக்கு அப்போ பன்னிரண்டு வயசு. விடியக்காலையில தாத்தாவோட பஜாருக்குப் படகுல போனவர், கூடையை இறக்கிட்டு நேரா அந்த ஜன்னலுக்கு ஓடிட்டார். அவர் கார்ட்டூன் பார்த்துக்கிட்டு இருந்தப்பதான் கடல் எங்க குப்பத்துக்குள்ள வந்துச்சு. ஆயாவும் அம்மாவும் சின்னவங்களை இழுத்துக்கிட்டு மணல்மேட்டுல ஏறித் தப்பிச்சாங்க. குடிசை, வலை, தாத்தாவோட இன்னொரு கட்டுமரம், எதுவும் மிஞ்சலை. மத்த ஞாயித்துக்கிழமைகள்ல அந்த நேரத்துக்கு மாமா கரையிலதான் நண்டு பிடிச்சுக்கிட்டு இருப்பாராம். அதுக்கப்புறம் ஆயா அவரை 'பொட்டி பாக்காதே'ன்னு ஒரு தடவைகூடத் திட்டினது கிடையாது.

நாலு நாள் கழிச்சு சவுக்கு மரத்து வேர்ல, மணலுக்குள்ள பாதி புதைஞ்சு அந்த டப்பா கிடைச்சுது. ஸ்டிக்கர் எல்லாம் கூழ். பிளாஸ்டிக் ஆச்சே, டாஸோ மட்டும் தப்பிச்சுது. மொத்தம் 23. உப்பு ஏறி, கீறல் விழுந்து, பிகாச்சு முகமே பாதி காணோம்.

மூணாவது தலைமுறை சாட்சாத் நான்தான். சுனாமிக்கு அடுத்த வருஷம் பிறந்தேன். 2006-ல தமிழக அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பிச்சாங்க. 2007 ஏப்ரல்ல சுட்டி டி.வி. வந்துச்சு. இது ரெண்டும் ஒண்ணு சேர்ந்தப்போ எங்க குப்பத்துல என்ன ஆச்சு தெரியுமா? யார் வீட்டு ஜன்னல்லயும் தொங்க வேண்டியதில்லை. 14 அங்குலப் பெட்டிக்குள்ள ஜாக்கி சான் தமிழ் பேசினார்! 'ஜாக்கி சான் அட்வென்சர்ஸ்'ல பன்னிரண்டு தாயத்து வரும். எலி, எருது, புலின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சக்தி. கடையில அதெல்லாம் எங்கே விக்கறாங்க? கிழிஞ்ச வலையில இருந்து மிதவைக் கட்டையை வெட்டி, ஆணியால கீறி, பன்னிரண்டையும் நானே செஞ்சேன். சேவல் கல் கையில இருந்தா பறக்கலாம்னு படகு மேல இருந்து குதிச்சு, முன்பல் ஒண்ணு போனது தனிக் கதை.

அந்த மிதவைக் கட்டைகளைப் பார்த்துட்டுதான் மாமா அவரோட டப்பாவை என்கிட்ட கொடுத்தார். "நீயும் நம்ம ஜாதிதான் பாப்பா!"

அப்புறம் காலேஜ். சென்ட்ரலுக்குப் பக்கத்துல மூர் மார்க்கெட்ல பழைய வி.சி.டி., உடைஞ்ச பொம்மை, டாஸோன்னு தேடி அலைய ஆரம்பிச்சேன். தேடத் தேட, இதுக்குப் பின்னாடி எவ்வளவு பெரிய இன்ஜினீயரிங் இருக்குன்னு புரிஞ்சுது. 'டாம் அண்ட் ஜெர்ரி'யையே எடுத்துக்கோங்க. ஒரு படம் சுமார் ஏழு நிமிஷம். செகண்டுக்கு 24 பிரேம் வீதம் கணக்குப் போட்டா 10,080 பிரேம். கையால வரைஞ்சு, செல் என்கிற கண்ணாடி மாதிரியான ஷீட்டுல பெயின்ட் பண்ணணும். 1940-ல ஆரம்பிச்சு வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் இப்படி 114 படம் செஞ்சாங்க. ஏழு ஆஸ்கர். ஆனா, 1957-ல எம்.ஜி.எம். அந்த கார்ட்டூன் பிரிவையே மூடிடுச்சு.

வேலை போன ரெண்டு பேரும் டி.வி.க்கு வந்தாங்க. டி.வி.யில காசு கம்மி, வாராவாரம் படம் வேணும். என்ன பண்ணினாங்க? உடம்பை அப்படியே விட்டுட்டு, அசையற தலையை மட்டும் தனி செல்ல வரைஞ்சாங்க. யோகி கரடி சட்டை இல்லாம காலரும் டையும் மட்டும் மாட்டியிருக்குமே, ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? தலையையும் உடம்பையும் பிரிக்கற கோட்டை மறைக்கத்தான் அந்தக் காலர்! மாறின பகுதியை மட்டும் அனுப்பு, மாறாததைத் திரும்ப அனுப்பாதே... இன்னிக்கு எங்க சிலபஸ்ல வீடியோ கம்ப்ரெஷன்னு வர்றதோட அடிப்படையும் இதேதான். அந்தப் பேப்பர்ல நான் நல்ல மார்க் வாங்கினதுக்கு யோகிக்குத்தான் நன்றி சொல்லணும்.

நம்ம ஊர்லயும் இது சும்மா வந்துடலை. டிஸ்னியில 'பாம்பி' படத்துல எல்லாம் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ், 1956-ல மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம்மாட்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அங்கே கத்துக்கிட்டவர்தான் இந்திய அனிமேஷனோட முன்னோடி ராம் மோகன்.

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது வேற ஒரு விஷயம். அந்தக் காலத்துல படம் முடிஞ்சதும் செல்லைக் கழுவிட்டு அடுத்த படத்துக்குப் பயன்படுத்துவாங்க. மிச்சத்தைக் குப்பையில போடுவாங்க. 1955-ல டிஸ்னிலாண்ட் திறந்தப்போ அங்கே ஒரு கடையில ஒரிஜினல் செல்களைச் சில டாலருக்கு வித்தாங்க. இன்னிக்கு அதே செல்கள் ஏலத்துல ஆயிரக்கணக்கான டாலர். தூக்கிப் போட்டவங்களுக்கு நடுவுல எவனோ ஒருத்தன் எடுத்து வெச்சான், அவ்வளவுதான் வித்தியாசம்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். நான் ஃபர்ஸ்ட் இயர். வலை போச்சு, அப்பாவோட இன்ஜின்ல தண்ணி புகுந்துடுச்சு, மூணு வாரம் தொழில் இல்லை. காலேஜ்ல பணம் கட்ட கடைசித் தேதி நெருங்குது. சென்னையில டாஸோ சேர்க்கற ஒருத்தர் பழக்கமாகியிருந்தார். "நல்ல பீஸ் இருந்தா கொண்டு வா, காசு தர்றேன்"னு சொல்லியிருந்தார். ராத்திரி தயங்கித் தயங்கி மாமாகிட்ட கேட்டேன்.

"வித்துடு பாப்பா. பிளாஸ்டிக்தானே"ன்னார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார்.

மூர் மார்க்கெட் வாசல்ல அவர் லென்ஸ் வெச்சுப் பார்த்தார். நான் தேடி வாங்கின சுத்தமான ஒன்பதை எடுத்துக்கிட்டு 1,800 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். மாமாவோட பழசைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "இதெல்லாம் கண்டிஷன் போச்சும்மா. சும்மா கொடுத்தாகூட வேணாம்." எனக்கு ஒரு பக்கம் சுருக்குன்னு கோபம். இன்னொரு பக்கம், சொன்னா நம்ப மாட்டீங்க, அப்படி ஒரு நிம்மதி! திரும்ப டப்பாவுல எடுத்து வைக்கும்போதுதான் எண்ணினேன். இருபத்திரண்டு. ஒண்ணு குறையுது.

ட்ரெயின்ல, பொன்னேரியில இருந்து பஸ்ல, வழியெல்லாம் பையைக் குடைஞ்சுக்கிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்து, அழாத குறையா மாமாகிட்ட சொன்னேன். "ஸ்குவிர்ட்டில் தொலைஞ்சுடுச்சு மாமா."

ஸ்குவிர்ட்டில் தெரியுமில்ல? நீலக் கலர் ஆமை. மாமாவோட ஃபைபர் படகு முகப்புல அதைத்தான் பெரிசா வரைஞ்சிருப்பார். பெரியவங்க எல்லாம் அதைப் பங்குனி ஆமைன்னு நினைச்சுக் கும்பிட்டுட்டுப் போவாங்க. கடலாமை பாதுகாப்புக்காக வந்த ஒரு குழு, "மீனவர்களுக்கு எவ்வளவு விழிப்பு உணர்வு பாருங்க"ன்னு போட்டோவே எடுத்துட்டுப் போச்சு. மாமா வாயே திறக்கலையே!

அன்னிக்கும் முதல்ல வாயைத் திறக்கலை. மெதுவா சட்டைப் பாக்கெட்டுல கையை விட்டார். கீறல் விழுந்த ஆமை வெளியில வந்துச்சு.

"எல்லாத்தையும் வித்துடுன்னு நீதானே சொன்னே மாமா?"

"சொன்னேன்தான். புயல்ல படகுல இருந்த பெயின்ட் எல்லாம் போச்சில்ல? மறுபடி வரையணும்னா மாதிரி வேணும்ல"ன்னார், என்னை நிமிர்ந்து பார்க்காம.

உப்புக் காத்துக்கு ஒரு வருஷம்கூட நிக்காது அந்தப் பெயின்ட். ஒவ்வொரு தடவையும் மாமா டாஸோவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உட்காருவார். இப்பல்லாம் கண்ணு நான் வரையறேன். டாஸோவுல அந்த இடத்துல கீறல் இருக்கறதால, இடது கண்ணு எப்படி இருக்கும்னு நாங்களேதான் முடிவு பண்ணிக்கணும். இந்த வருஷம் கொஞ்சம் பெரிசா வந்துடுச்சு.