நெடுந்தீவு வெளியும் ஏழாம் இலக்க மட்டையும்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன், நண்பர்களே. நான் நல்ல கோல்ஃப் ஆட்டக்காரன் அல்லன். வழமையான பதினெட்டுக் குழி மைதானம் ஒன்றை 72 அடிகளில் முடிக்கவேண்டும் என்பது கணக்கு. நானோ நூறுக்குக் குறைந்து முடித்த நாட்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். பந்து நேராகப் போனால் அது காற்றின் கருணை. கோணலாகப் போனால் அது என் சொந்தத் திறமை.

இந்த விளையாட்டை முதன்முதலாகக் கண்டது 1970களின் பிற்பகுதியில், கொழும்பில் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவனாய் இருந்த காலத்தில். ஒரு போட்டியின் முடிவை எழுதிவரச் சொல்லி ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்துக்கு அனுப்பினார்கள். 1879இல் தொடங்கப்பட்ட கழகம் அது. மைதானத்தின் ஊடாகவே களனிவெளிப் புகையிரதப் பாதை செல்கிறது. வண்டி வந்தால் ஆட்டக்காரர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்து நிற்பார்கள். வண்டிக்குள் நெருக்கியடித்து நின்றவர்கள் அவர்களைப் பார்த்தார்கள். அவர்கள் வண்டியைப் பார்த்தார்கள். ஊர்காவற்றுறையில் பிறந்து வளர்ந்த எனக்கு, நான் எந்தப் பக்கத்து ஆள் என்பதில் அன்று ஐயமே இருக்கவில்லை.

பிறகு காலம் என்னைக் கனடாவில் கொண்டுபோய் இறக்கியது. ரொறன்ரோ நகரசபைக்குச் சொந்தமாகச் சில கோல்ஃப் மைதானங்கள் உண்டு. எம்மவர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவில் உள்ளது 'டாம் ஓஷான்டர்'. அங்கத்துவம் வேண்டாம், சிபாரிசு வேண்டாம். கட்டணத்தைக் கட்டிவிட்டு யாரும் ஆடலாம். ஓய்வுபெற்றபின் அங்கேதான் மட்டை பிடிக்கப் பழகினேன். தீவகத்தைச் சேர்ந்த நாங்கள் நால்வர் கூடி ஆடுவோம். ஆட்டத்தைவிடப் பேச்சே அதிகம். அப்படி ஒருநாள் பேச்சுவாக்கில் எழுந்ததுதான் அந்த யோசனை: நெடுந்தீவில் இப்படியொரு மைதானம் அமைத்தால் என்ன?

யோசனை முழுப் பைத்தியக்காரத்தனம் அன்று. கோல்ஃப் பிறந்த ஸ்கொட்லாந்தின் கடலோர வெளிகளை எண்ணிப் பாருங்கள். உழுவதற்கு உதவாத மணற்பாங்கு, கால்நடைகள் மேய்ந்து மேய்ந்து கட்டையாகிப்போன புல், ஓயாத காற்று. அங்கே மைதானத்தை யாரும் அமைக்கவில்லை. நிலமே மைதானமாய்க் கிடந்தது. செயின்ட் அன்ட்ரூஸ் ஊரின் கடலோர வெளியில் ஆடுவதற்கு ஊர்மக்களுக்குள்ள உரிமையை 1552ஆம் ஆண்டுப் பட்டயமொன்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. இன்றும் அந்தப் பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வழமையாக ஆட்டம் இல்லை. ஊரார் நாயோடும் பிள்ளைகளோடும் உலாவும் பொதுவெளி அது. நெடுந்தீவிலும் கடல் உண்டு, காற்று உண்டு, குதிரைகளும் மாடுகளும் மேய்ந்த வெளி உண்டு. சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், இளைஞருக்கு வேலை கிடைக்கும் என்றார் ஒரு நண்பர். முதற்செலவுக்குப் பணம் தரவும் இருவர் ஆயத்தமாயிருந்தனர். "நீ ஊருக்குப் போறாய்தானே, ஒருக்கால் இடத்தைப் பார்த்துக்கொண்டு வா" என்று என்னைப் பணித்தார்கள்.

2024 தை மாதத்தில் போனேன். பயணப்பொதிக்குள் ஏழாம் இலக்க மட்டை ஒன்று, பந்துகள் நான்கு. பண்ணைத் தாம்போதி கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம். 1985 மே 15ஆம் நாள், குமுதினிப் படகில் சென்ற பலர் வெட்டிக் கொல்லப்பட்டது இந்தக் கடலில்தான். அன்று நான் யாழ்ப்பாணத்தில் ஒரு செய்தி மேசையில் இருந்தேன். பெயர்களைச் சரிபார்த்து எழுதினேனே தவிர, நெடுந்தீவுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப்பின் நான் அந்த மண்ணை மிதிப்பது இதுவே முதல் தடவை. திட்டம் போட மட்டும் வந்துவிட்டோமே என்றொரு கூச்சம் படகிலேயே தொற்றிக்கொண்டது.

மாவிலித்துறையில் ஓட்டோ ஒன்றை நாள் வாடகைக்குப் பிடித்தேன். ஓட்டுநருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். முருகைக்கல் அடுக்கிய வேலிகளுக்கிடையே வண்டி ஓடியது. சாந்து எதுவுமின்றிக் கல்லின்மேல் கல்லாய் வைத்த அந்த வேலிகள் போல வேறெங்கும் நான் கண்டதில்லை. மாரி ஓய்ந்த காலமாகையால் வெளியெங்கும் பச்சை. குதிரைகள் உலாவும் பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் மட்டை தூக்கிச் செல்வது முறையன்று. எனவே அதற்கு இப்பால், கரையோரமாக, ஆளில்லாத ஒரு வெளியில் இறங்கிக்கொண்டேன்.

"உது என்ன ஐயா, கொக்கத்தடி மாதிரி?" என்று கேட்டார் தம்பி.

"விளையாட்டுச் சாமான் தம்பி. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, எனக்கே தெரியாது எங்கை போகுமெண்டு."

தூரத்தில் நின்ற ஒற்றைப் பனையைக் குறியாக வைத்தேன். முதல் அடி நன்றாகவே எழும்பியது. வாடைக்காற்று அதைக் கையால் பிடித்ததுபோல் வலப்பக்கம் திருப்பிக் கொண்டுபோய்விட்டது. இரண்டாவது அடியில் புல்லுக்குக் கீழிருந்த கல்லில் மட்டை மோதி முழங்கைவரை அதிர்ந்தது. ஒரு சாண் மண்கூட இல்லை, அதன்கீழ் சுண்ணாம்புக்கல். ஆறாவது அடியில் பந்து கல்வேலியின் அடியில்போய் ஒட்டிக்கொண்டது. கோல்ஃபில் ஆதி விதி ஒன்றுண்டு: பந்து எப்படிக் கிடக்கிறதோ அப்படியே ஆடவேண்டும். வேலியில் ஒரு கல்லையும் அசைக்க மனம் வரவில்லை. வந்த பக்கமாகவே பந்தைத் திருப்பி அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனேன். பனையைத் தொட ஒன்பது அடிகள். இடப்பக்கம் கடல் நீலமும் பச்சையுமாய் மினுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை அழகான இடத்தில் இத்தனை மோசமாக நான் ஒருநாளும் ஆடியதில்லை. இத்தனை மகிழ்ச்சியாகவும் ஆடியதில்லை.

அடுத்த பனைக்குத் தம்பியிடம் மட்டையைக் கொடுத்தேன். கிட்டிப்புள் அடித்துப் பழகிய கை. நான் எட்டு அடிகளில் போன தூரத்தை அவர் ஐந்தில் முடித்தார். அந்தக் களிப்பில் எங்கள் யோசனையைச் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை.

"வேலை வருமெண்டால் நல்லதுதான் ஐயா. என்னோடை படிச்ச பெடியள் கனபேர் இஞ்சை இல்லை. வேலை தந்தால் நானே வருவன்."

பிறகு காலால் புல்லைத் தட்டிக் காட்டினார்.

"ஆனா இந்தப் புல்லுக்கு ஆவணியிலை ஆர் தண்ணி ஊத்துறது? அப்ப வந்து பாருங்கோ. குதிரையள் தண்ணி இல்லாமல் விழுந்து கிடக்கும்."

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நாற்பது ஆண்டுகள் பிறரைக் கேள்வி கேட்டே பிழைத்தவன், இதை மட்டும் கேட்க மறந்திருந்தேன். நெடுந்தீவில் ஆறில்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாய் மிதக்கிறது. தீவின் நன்னீர் என்பது அதுதான். அளவுக்குமேல் இறைத்தால் கீழிருந்து உப்பு மேலே ஏறும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. வறண்ட வலயத்தில் பதினெட்டுக் குழி மைதானத்தைப் பச்சையாய் வைத்திருக்க நாளொன்றுக்குப் பல இலட்சம் லீற்றர் நீர் வேண்டும். அத்தோடு உரம், பூச்சிநாசினி. எல்லாம் அந்தக் கல்லின் துவாரங்கள் வழியே யாருடைய கிணற்றுக்குப் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஸ்கொட்லாந்தில் நிலம் மைதானமாய்க் கிடந்ததற்கு வானம் ஆண்டு முழுவதும் தூவிக்கொண்டிருப்பதும் ஒரு காரணம். நாங்கள் புல்லை ஒப்பிட்டோம், மழையை ஒப்பிடவில்லை. புலம்பெயர்ந்த எமக்கு ஊர் என்றால் விடுமுறையில் வந்துபோகும் தை மாதம்தான். ஆவணியில் அங்கே இருப்பவர்கள் வேறு ஆட்கள்.

புறப்படுமுன் ஒரு பந்தைக் காணவில்லை. மாடு கன்று வாய்வைத்துவிடக்கூடாதே என்று இருவருமாய் அரைமணி நேரம் தேடி, ஒரு புற்கற்றைக்குள் கண்டெடுத்தோம். கடைசிப் படகுக்கு ஓட்டமாய் ஓடவேண்டியதாயிற்று.

ரொறன்ரோ திரும்பி நண்பர்களுக்கு உள்ளதைச் சொன்னேன். ஒருவர் உடனே ஏற்றுக்கொண்டார். ஒருவர், "உன்னாலை ஊருக்கு ஒரு வேலையும் நடக்காது" என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டேன். தம்பிக்கு வேலை இல்லை என்பதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. மழைநீர்த் தொட்டிகள், சைக்கிள் வாடகை, வீடுகளில் பயணிகளைத் தங்கவைத்தல் என்று இப்போது பேசுகிறோம். இம்முறை அங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டே அடுத்த அடி என்பதில் நால்வருக்கும் உடன்பாடு.

அடுத்த பயணம் ஆவணியில். மட்டை வீட்டிலேயே இருக்கட்டும் என்று எண்ணியிருக்கிறேன். தம்பி மட்டும் கட்டாயம் கொண்டுவரச் சொல்கிறார். இரண்டு பனைகளுக்குப் பதினேழு அடிகள் என்ற என் கணக்கை நான் குறைத்துக் காட்டவேண்டுமாம்.